பெங்களூர் மேடையில் ஒரு கோட்டைச் சிறை

மிஸ் ஹென்றியெட்டாவின் கடிதம் சுருக்கமாக இருந்தது. "எங்கள் ஆப்பராவில் டிரம்பெட் ஊத இருந்த ராணுவ பேண்டுக்காரனை வடக்கே மாற்றிவிட்டார்கள். உன் டிரம்பெட்டை எடுத்துக்கொண்டு உடனே பெங்களூர் வா. நீ வராவிட்டால் என் கைதி சிறையிலேயே செத்துப்போவான்."

மிஸ் கொழும்பில் எங்கள் பள்ளிக்கூடத்தில் சங்கீத ஆசிரியையாக இருந்தவர். ஓய்வு பெற்றதும் தங்கையோடு இருக்கப் பெங்களூருக்குப் போய்விட்டார். நான் பகலில் துறைமுக அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவன். சனிக்கிழமை மாலைகளில் ஒரு ஹோட்டல் நடனக் குழுவில் டிரம்பெட் ஊதுகிறவன். லீவு விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் 'கைதியை விடுவிக்க' என்று எழுத ஆசையாகத்தான் இருந்தது. 'குடும்ப அலுவல்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கடலைக் கடந்தேன்.

ஆப்பராவில் என் வேலை எவ்வளவு என்பது பெங்களூர் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. மொத்தம் இருபது விநாடி.

ரயிலை விட்டு இறங்கியபோது குளிரில் வாயிலிருந்து புகை வந்தது. கொழும்பில் பிறந்தவனுக்கு அது ஒரு வேடிக்கை. இரண்டு மூன்று தரம் ஊதிப் பார்த்தேன். ஒரு ஜட்காக்காரர் கன்னடத்தில் கூப்பிட்டு, என் முழியைப் பார்த்து உருதுவுக்கு மாறி, கடைசியில் தமிழுக்கு வந்து சேர்ந்தார்.

"முன்னாடி தள்ளி குந்து சார். பின்னாடி வெயிட்டு ஆச்சுன்னா குதிரை மேல தூக்கிக்கும்."

"ரிச்மண்ட் டவுனுக்குப் போக எவ்வளவு நேரம் செல்லும்?" என்று கேட்டேன்.

அவர் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். "சார் சிலோனா? ரேடியோல பேசறவரா?"

அந்த ஒரு வாரத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. இல்லை என்று சொன்னால் முகம் வாடிப்போகிறார்கள். மூன்றாம் நாளிலிருந்து நான் சிரிப்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

மிஸ் வீட்டு வாசலில் பட்டர் ப்ரூட் மரம் ஒன்று நின்றது. அதன் பழத்தைப் பிசைந்து சர்க்கரை போட்டு ஒரு கிண்ணம் கொடுத்துவிட்டு, நான் சாப்பிடும்போதே கதையைச் சொன்னார். பதினெட்டாம் நூற்றாண்டின் முடிவில், பாரிசில் ஜனங்கள் சிறைகளை உடைத்த காலத்தில், சிறைமீட்புக் கதைகளைப் பாட்டும் பேச்சுமாக மேடையேற்றுவது அங்கே பெரிய மோகமாம். எங்கள் ஆப்பராவும் அப்போது வந்ததுதான். எழுதியவர் யார் என்று தெரியாது. மிஸ்ஸிடம் இருந்த பிரதியில் முதல் பக்கம் கிழிந்துபோயிருந்தது.

கதை இதுதான். ஒரு பிரபு தன் எதிரிக்கு விஷம் கொடுக்கும்படி ஊர் வைத்தியனிடம் சொல்கிறான். வைத்தியன் மறுக்கிறான். ஆற்று நடுவே இருக்கும் கோட்டையில் அவனை அடைத்துவிடுகிறார்கள். அவனுடைய அக்கா, கோட்டைக்குத் துணி வெளுக்கும் பெண்களோடு பெண்ணாக வேடமிட்டு உள்ளே நுழைகிறாள். கோட்டைப் பாலத்தைப் பிரபுவின் டிரம்பெட் சத்தம் கேட்டால் மட்டும்தான் இறக்குவார்கள். அக்காவின் சிநேகிதன் ஒருவன் காட்டில் ஒளிந்துகொண்டு அந்தச் சத்தத்தைப் போலியாக ஊதுகிறான். பாலம் இறங்குகிறது, கைதி தப்புகிறான். அந்தச் சிநேகிதன் நான். மேடைக்கே வரமாட்டேன். மண்டபத்துக்கு வெளியே நின்று ஊத வேண்டும்.

"இருபது விநாடிதான்," என்றார் மிஸ் ஆங்கிலத்தில். "ஆனால் அதற்கு முந்தின இரண்டு மணி நேரமும் அந்த இருபது விநாடிக்காகத்தான் எழுதப்பட்டிருக்கிறது."

அன்று மாலையே விவேக் நகரில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் ஒத்திகை. அக்காவாகப் பாடுகிறவள் பிலோமினா, பக்கத்துத் தெருக்காரி, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. "நம்பர் ப்ளீஸ்" என்று நாள் முழுக்கச் சொல்லும் அந்தக் குரலுக்குள் இவ்வளவு உயரம் இருக்குமென்று யாரும் எதிர்பார்க்க முடியாது. கைதியாக வருகிறவர் ரங்கநாதன். மூன்று தலைமுறைக்கு முன் மைசூர் சமஸ்தான உத்தியோகத்துக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம், இவர் எஞ்சினியர். மூன்று வருடம் பட்டினி கிடந்த கைதிக்குத் தொப்பை கொஞ்சம் அதிகம். சங்கிலி மாட்டிய கையோடு மூலையில் உட்கார்ந்து, உள்ளே சிவப்புச் சட்னி தடவிய மசால் தோசையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு பொட்டலம் நீட்டினார். எங்கள் ஊரில் தோசைக்குத் தேங்காய்ச் சம்பல்தான். இந்தச் சட்னியை அன்றைக்கே மன்னித்து ஏற்றுக்கொண்டேன்.

சலவைப் பெண்களின் கோரஸ் தொடங்கியது. ஆப்பராவை நடத்தும் சங்கத்துச் சீமாட்டிகள் எட்டுப் பேர், ஆளுக்கொரு கைக்குட்டையை மரத்தொட்டியில் நனைத்து, பூனைக்குட்டியைத் தடவுவதுபோலத் தடவிக்கொண்டே ஆங்கிலத்தில் பாடினார்கள். மெட்டு குதூகலமானது. ஆனால் நாலு அடிக்கு ஒருமுறை எதற்கென்று தெரியாமல் ஒரு சின்ன மௌனம் வந்து நொண்டியது.

"பிரதி எடுத்தவனின் பிழை," என்றார் மிஸ். "நாளைக்கு அதை அடித்துவிடப்போகிறேன்."

அப்போது வாசல் பக்கம் யாரோ சத்தம் போட்டுச் சிரித்தார்கள். வெளுத்த வேட உடுப்புகளை மூட்டையாகத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். நாற்பது வயதிருக்கும். பெயர் மங்கம்மா, அல்சூரில் தோபி காட் என்ற சலவைத்துறையில் வேலை செய்கிறவள். அந்தச் சீமாட்டிகளில் பாதிப்பேர் வீட்டுத் துணியும் அவள் கையால்தான் வெளுக்கிறது.

மிஸ் தாளக்குச்சியைக் கீழே வைத்துவிட்டு, தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில், "என்ன சிரிப்பு?" என்றார்.

"மன்னிச்சுக்குங்கம்மா. இப்டி தொவைச்சா அழுக்கு எப்ப போறது? குழந்தைய தூங்க வெக்கற மாதிரி இருக்குது."

"நீ செய்து காட்டு."

மங்கம்மா மூட்டையை இறக்கினாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு போர்வையைத் தொட்டியில் முக்கித் தோளுக்கு மேல் தூக்கி, மேடைப் படிக்கட்டுக் கல்லில் ஓங்கி அடித்தாள். அடிக்கும்போது வாயிலிருந்து 'ஹ்' என்று மூச்சு வெடித்தது. தூக்கு, வீசு, அடி, ஹ். தூக்கு, வீசு, அடி, ஹ்.

மிஸ் ஓடிப்போய்ப் பியானோவில் உட்கார்ந்து மெட்டை வாசித்தார். அந்த நொண்டி மௌனம் வந்த இடத்தில் மங்கம்மாவின் மூச்சு கச்சிதமாய் வந்து விழுந்தது.

"பிழை இல்லை! இதை எழுதின மனுஷன் ஆற்றங்கரையில் நின்று பார்த்திருக்கிறான்!" என்று கத்தினார் மிஸ். மங்கம்மாவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ மேடைக்கு வர வேண்டும். பாட வேண்டாம், துவைத்தால் போதும்," என்றார்.

"பாடவா? தொவைக்கறப்ப யாராவது பாடுவாங்களாம்மா? மூச்சு முட்டிப்போகும்," என்றாள் மங்கம்மா. ஆனாலும் வருவதாக ஒத்துக்கொண்டாள். எட்டுச் சீமாட்டிகளில் நாலு பேரின் முகம் அப்போதே மாறிவிட்டதை நான் கவனித்தேன்.

மறுநாள் காலை சும்மா இருந்தேன். அல்சூர் ஏரியைப் பார்த்துவிட்டு வரலாமென்று புறப்பட்டேன். கன்னடத்தில் அதை ஹலசூரு என்பார்கள் என்று ரங்கநாதன் சொல்லியிருந்தார். பஸ் கண்டக்டர் ஒருவர் "ஹொசூரு, ஹொசூரு, பேகா பேகா!" என்று கத்தி அவசரப்படுத்தினார். எனக்கு ஹலசூருக்கும் ஹொசூருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

ஏரி வருமென்று ஜன்னலோரம் காத்திருந்தேன். ஏரிகள் வரத்தான் செய்தன, ஒன்றுக்கு மூன்றாக. அப்புறம் ராகி வயல்கள் வந்தன, தென்னந்தோப்புகள் வந்தன. பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. ஓசூருக்கு முந்தின ஊரான அத்திபெலேயில் இறக்கிவிட்டார்கள்.

நல்லவேளை, கடைத்தெருவில் தமிழ் தாராளமாகக் கேட்டது. ஒரு புளி மண்டிக்காரர் என்னை உட்கார வைத்துக் காப்பி வாங்கிக் கொடுத்தார்.

"அல்சூருக்கா வந்தீங்க? நீங்க பஸ் ஏறின எடத்துலருந்து நடந்தே போயிருக்கலாமே," என்றார். "பரவால்ல சார். நீங்க பேசறது கேக்க நல்லா இருக்குது. இன்னும் கொஞ்சம் பேசுங்க. ஒரு செய்தி வாசிங்க."

அவருக்காகக் கொழும்புத் துறைமுகத்தின் வானிலையைச் செய்தியாக வாசித்தேன். கடையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. திரும்பி வரப் பஸ் கிடைக்கவில்லை. கொத்தமல்லி ஏற்றிய லாரி ஒன்றில் அந்த மண்டிக்காரரே ஏற்றிவிட்டார். மல்லிக்கட்டுகளின் மேல் சாய்ந்தபடி நான் விவேக் நகரில் வந்து இறங்கியபோது ஒத்திகை முடிகிற நேரம். என் சட்டையிலிருந்து ரசம் மணத்தது.

மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. பிலோமினா படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"என்ன நடந்தது, தங்கச்சி?"

"கோரஸ்ல பாடற நம்ம சங்கத்து செகரெட்டரி வீட்டம்மா இன்னிக்கு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டாங்கண்ணா. தோபிப் பொம்பளை கூட ஒரே ஸ்டேஜ்ல நிக்க முடியாதாம். மங்கம்மா அக்கா காதுல விழற மாதிரியே."

"மங்கம்மா அக்கா என்ன சொன்னவ?"

"'என் கைல தொவைச்ச துணிய உடம்பு மேல போட்டுக்கறாங்க. நான் பக்கத்துல நின்னா மட்டும் ஆகாதா'ன்னு கேட்டுட்டு, மூட்டைய எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. அவங்க போகணும்னா நீங்களும் போங்கன்னு மிஸ் செகரெட்டரி வீட்டம்மாகிட்ட சொன்னாங்க. அவங்களோட சேத்து நாலு பேரு போயிட்டாங்க."

நாடகத்துக்கு நாலு நாள்தான் இருந்தது. கோரஸில் பாதி இல்லை. மிஸ் பியானோ மூடியில் நெற்றியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. ரங்கநாதன்கூட எதையும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை மிஸ், பிலோமினா, நான் மூவரும் தோபி காட்டுக்குப் போனோம். இந்த முறை பிலோமினாதான் பஸ்ஸைத் தேர்ந்தெடுத்தாள். கல்தொட்டிகள் வரிசையாக இருந்தன. சோடாக்கார நெடி. இடுப்பளவு நீரில் ஆண்களும் பெண்களும் வரிசையாக நின்று அடித்துக்கொண்டிருந்தார்கள். மங்கம்மா எங்களைப் பார்த்தும் நிறுத்தவில்லை. கையிலிருந்த துணியை முடித்துப் பிழிந்து போட்டுவிட்டுத்தான் கரைக்கு வந்தாள்.

மிஸ் மன்னிப்புக் கேட்டார். ஆங்கிலத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை. தமிழில் சொல்லும்போது 'மன்னிக்கவும்' என்பது 'மண் விற்கவும்' போலக் கேட்டது. மங்கம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் உடனே முகத்தை மாற்றிக்கொண்டாள்.

"நீங்க எதுக்கும்மா மன்னிப்பு கேக்கறீங்க? வரேன். ஆனா ஒண்ணு. தனியா வர மாட்டேன். என் நாத்தனாருங்க நாலு பேரும் வருவாங்க. மூலையில நின்னு தொவைக்கறதுக்கு இல்ல. நடுவுல நின்னு பாடுவோம். இங்கிலீஷு எங்களுக்கு வராது. தமிழ்ல பாடுவோம்."

பாடினால் மூச்சு முட்டும் என்று சொன்னவள் இவள்தான். நான் அதை நினைவுபடுத்தப் போனேன். பிலோமினா என் காலை மிதித்தாள்.

பிரெஞ்சு ஆப்பராவை ஆங்கிலத்தில் பாடுவதே பாவம் என்று நினைக்கிறவர் மிஸ். ஆனாலும், "அந்தக் காலத்திலும் இதை எழுதினவன் சொந்த ஜனங்களுக்குப் புரிகிற பாஷையில்தானே எழுதினான்," என்றார்.

அங்கேயே கரையில் உட்கார்ந்து பாட்டுக் கட்டினோம். என்னுடைய முதல் அடி "உடுப்புத் தோய்ப்போம்" என்று தொடங்கியது. ஐந்து பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தோய்க்கறதா? தயிரா தோய்க்கறோம்?" என்றாள் ஒரு நாத்தனார்.

"எங்கட ஊரில உடுப்புத் தோய்க்கிறதெண்டுதான் சொல்லுவினம்," என்றேன்.

"எங்க ஊர்ல தொவைக்கறது. பக்கத்து வூட்டுக் கன்னடக்காரங்க ஒகெயறதும்பாங்க. தயிரை வுட்டுடுங்க."

தயிரை விட்டோம். பிலோமினா எழுத, மங்கம்மா திருத்த, மத்தியானத்துக்குள் பாட்டு தயார்.

"தூக்கிப் போடு, வீசிப் போடு, அழுக்கு போகுது, ஹ்!
பூட்டு போட்ட கோட்டைக்குள்ளும் வெளுத்த துணி போகுது, ஹ்!"

சாப்பாட்டுக்கு எங்களையும் உட்கார வைத்தார்கள். ராகிக் களி உருண்டை, கீரைக் குழம்பு. நான் களியை வாயில் போட்டு மென்றேன். மென்றுகொண்டே இருந்தேன். அது பல்லை விட்டு வருவதாக இல்லை.

"மெல்லக் கூடாது தம்பி, முழுங்கணும்!" என்று ஐந்து பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். அவர்கள் சேர்ந்து சுருதி பிசகாமல் ஒலித்தது அதுதான் முதல் தடவை. மிஸ் என் முதுகில் தட்டிக்கொண்டே, "இந்த சுருதியை மறக்காதீர்கள்," என்றார்.

அடுத்த இரண்டு நாளும் நான் கோரஸுக்கு டிரம்பெட்டில் மெட்டை வாசித்துக் காட்டினேன். தாளத்தில் அவர்களுக்குச் சொல்லித்தர ஒன்றும் இல்லை. மெட்டைத்தான் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு போனார்கள். விலகிப்போகாத நாலு சீமாட்டிகள், முதலில் தள்ளி நின்றவர்கள், இரண்டாம் நாள் மாலைக்குள் போர்வையைத் தூக்கி அடிக்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி அடித்த வேகத்தில் கண்ணாடி வளையல் உடைந்தது. மங்கம்மா துண்டுகளைப் பொறுக்கிக் கொடுத்து, "இதுக்குத்தான் நாங்க போடறதில்ல," என்றாள்.

நாடகத்தன்று மாலை மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் கோட்டும் தொப்பியுமாகக் கன்டோன்மென்ட் பெரியவர்கள். செகரெட்டரியின் மனைவியும் வந்து உட்கார்ந்திருந்தாள். நடுவில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பெண்கள். கடைசியில் சுவரோரமாகத் தோபி காட்டே திரண்டு நின்றது.

என் இடம் மண்டபத்துக்குப் பின்னால், கிணற்றடியில். தூறல் விழுந்துகொண்டிருந்தது. டிரம்பெட்டின் வாய்ப்பகுதி குளிர்ந்துவிட்டால் முதல் சுரம் பிளந்துவிடும். அதைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாகக் கேட்டபடி நின்றேன்.

தொடக்க இசை இருட்டாக இருந்தது. வயலின்கள் அடிக்குரலில் முணுமுணுத்தன. ரங்கநாதன் இருட்டறையில் பாடும் பாட்டுக்கு ஒரே ஒரு செல்லோ மட்டும் துணை. அந்தத் தொப்பைக்குள்ளிருந்து அப்படியொரு ஏக்கம் வருமென்று நான் நினைக்கவில்லை. பிறகு சட்டென்று புல்லாங்குழல், வெளிச்சம், சலவைக் கோரஸ்.

ஆங்கிலத்தை எதிர்பார்த்திருந்த சபை முதல் தமிழ் அடியைக் கேட்டதும் அசைவற்றுப் போனது. முதல் 'ஹ்' வந்தது. நிசப்தம். இரண்டாவது 'ஹ்' மேடையிலிருந்து மட்டும் வரவில்லை. சுவரோரம் நின்ற அத்தனை பேரும் சேர்ந்து அந்த மூச்சை விட்டார்கள். நாலாவது தரம் டெலிபோன் பெண்களும் சேர்ந்தார்கள். முடிந்ததும் கைதட்டல் கூரையை அதிர வைத்தது. "ஒன்ஸ் மோர்!" என்று முன்வரிசையிலிருந்தே ஒரு குரல். மிஸ் மறுபடி தொடங்கினார். மூன்றாம் தரமும் பாட வேண்டியதாயிற்று.

என் கணக்கெல்லாம் குழம்பிவிட்டது. பிந்தி ஊதிவிட்டாலும் கெட்டது, முந்தி ஊதிவிட்டாலும் கெட்டது. கணக்கை விட்டுவிட்டு பிலோமினாவின் குரலை மட்டும் பிடித்துக்கொண்டேன். கோட்டைத் தலைவன் கத்தியை உருவுகிறான். அவள் தம்பிக்கு முன்னால் போய் நின்று, தன் மிக உயர்ந்த சுரத்தில் "முதலில் என்னைக் கொல்" என்று பாடுகிறாள். அத்தோடு இசை முழுவதும் நின்றுவிடுகிறது. அந்த மௌனம் எனக்கானது.

ஊதினேன். முதல் சுரம் லேசாகக் கரகரத்தது. இரண்டாவது சுத்தமாக எழுந்தது. அதன்பின் என் மூச்சு தானாகப் போயிற்று. உள்ளே சபை மூச்சை இழுத்துக்கொள்ளும் சத்தம் கிணற்றடிவரை கேட்டது.

ஓடிப்போய் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். பாலம் பாதியில் நின்றுகொண்டிருந்தது! தூறலில் கூரை ஒழுகி, கயிறு ஊறி உருளையில் சிக்கிவிட்டது. ரங்கநாதன் தொங்கும் பாலத்தைப் பார்த்தார், தன் தொப்பையைப் பார்த்தார். மிஸ் வெற்றிக் கீதத்தை ஆரம்பித்துவிட்டார், கைதி மட்டும் வெளியே வர வழியில்லை.

மங்கம்மா யோசிக்கவில்லை. கையிலிருந்த ஈரப் போர்வையை முறுக்கிப் பாலத்தின் முனையில் வீசி மாட்டினாள். நாலு நாத்தனாரும் ஓடிவந்து பிடித்தார்கள். வளையல் உடைத்துக்கொண்ட சீமாட்டி ஆறாவது ஆளாக வந்து சேர்ந்தாள். "தூக்கு, வீசு, இழு, ஹ்!" பாலம் தடாலென்று இறங்கியது. ரங்கநாதன் ஓடிவந்த ஓட்டத்தில் சங்கிலி தானே கழன்று விழுந்தது. அதற்குப் பிறகு எந்த இசையும் யார் காதிலும் விழவில்லை. சபை எழுந்து நின்றுவிட்டது.

அடுத்த அறையில் எல்லாரும் எல்லாரையும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தபோது செகரெட்டரியின் மனைவி உள்ளே வந்தாள். மிஸ்ஸைப் பாராட்டினாள், பிலோமினாவைப் பாராட்டினாள். மங்கம்மாவிடம் வந்து, எதுவும் நடக்காததுபோல, "வியாழக்கிழமை ரெண்டு மூட்டை இருக்கு, மறக்காம வா," என்றாள்.

மங்கம்மா தலையில் கட்டியிருந்த மேடைத் துணியை அவிழ்த்து மடித்து வைத்தாள்.

"உங்க வீட்டு மூட்டைய இனிமே நான் எடுக்கறதில்லம்மா. வேற ஆள் பாத்துக்குங்க."

குரலில் கோபமே இல்லை. அந்த அம்மாள் வெளியே போனாள். நாத்தனார்களில் ஒருத்தி, "நல்ல வீடாச்சே அண்ணி," என்று முணுமுணுத்தாள். "போனா போகுது," என்றாள் மங்கம்மா. அன்று நான் கேட்ட எல்லாப் பாட்டையும்விட அந்த இரண்டு சொல்தான் இன்னும் என் காதில் இருக்கிறது.

எனக்கு மறுநாள் பகல் ரயில். காலையில் தோபி காட்டுக்குப் போய் விடைபெற்றுக்கொள்ளலாமென்று டிரம்பெட் பெட்டியோடு போனேன். எல்லாரும் தண்ணீரில் இறங்கி வேலையாக இருந்தார்கள்.

"நான் போட்டு வாறன் அக்கா."

"இரு தம்பி. நேத்து நீ வெளிய நின்னதால, பாலத்துக்கு ஊதினத நாங்க யாரும் பாக்கவேயில்ல. கடல் தாண்டி வந்து ஊதினியாமே. ஒரு தபா ஊதிக் காட்டு."

கல்தொட்டி விளிம்பில் ஏறி நின்றேன். வெயில் வந்திருந்தது, உதடும் இதமாக இருந்தது. என் இருபது விநாடியையும் ஒரு பிசகு இல்லாமல், முந்தின மாலையைவிட நன்றாகவே ஊதினேன்.

எனக்குப் பின்னால், வேலியோரம், வெளுத்த மூட்டைகளை முதுகில் சுமந்தபடி நாலு கழுதைகள் கட்டியிருந்ததை நான் பார்க்கவில்லை. முளையைப் பிடுங்கிக்கொண்டு நாலும் ஏரியை நோக்கிப் பாய்ந்தன. மூட்டைகள் அவிழ்ந்து கன்டோன்மென்ட் கனவான்களின் சட்டைகள் வழியெல்லாம் பறந்தன. டிரம்பெட்டைக் கீழே போட்டுவிட்டு நான் ஓட, எனக்குப் பின்னால் தோபி காட்டே ஓடியது. மங்கம்மாவால் மட்டும் ஓட முடியவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி தண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அய்யோ, அதுங்களையும் வுடுதலை பண்ணிட்டியே தம்பி!"

மூன்றைப் பிடித்தோம். நாலாவது ஏரிக்குள் கழுத்தளவு போய் நின்றுகொண்டு, யார் கூப்பிட்டும் வரவில்லை. கால்சட்டையோடு நான்தான் இறங்கினேன்.